வீட்டு அறையில் பச்சை குத்தும் தொழில்: கடைத்தெருவுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா?

அரசலாறு (நவம்பர் 3, இரவு 9.40)

வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலேயே பச்சை குத்தும் தொழில் செய்கிறேன். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் ஆறு ஆண்டுகள் இருந்து கற்றுக்கொண்டது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் ஊருக்குத் திரும்பினேன். மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

கூடத்தை ஒட்டி ஓர் அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்பு நெல் மூட்டை அடுக்கியிருந்தோம். தரையிலும், சுவரில் நான்கடி உயரத்துக்கும் வழவழப்பான ஓடு பதித்தேன். கைகழுவத் தொட்டி வைத்தேன். சாய்வு நாற்காலி, நல்ல விளக்கு, கருவிகளுக்கு மூடிய அலமாரி. ஒரு நாளைக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். வாசலில் பலகை கிடையாது. வந்து போனவர்கள் சொல்லித்தான் அடுத்தவர் வருகிறார்.

இப்போது கடைத்தெருவில் ஒரு மாடி அறை வாடகைக்கு வருகிறது. முன்பணம் அதிகம் கேட்கிறார்கள். போகலாமா என்று மனம் அலைபாய்கிறது. வீட்டில் இருப்பதில் எனக்கு மூன்று ஆண்டுகளாக உறுத்துவது, அறைக்குத் தனி வாசல் இல்லை என்பதுதான். வருகிறவர்கள் திண்ணை ஏறி, ரேழி தாண்டி, கட்டிலில் படுத்திருக்கும் அப்பாவைக் கடந்து வருகிறார்கள். அவர் யாரையும் கோபிப்பதில்லை. ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அதை நான் பார்க்கிறேன்.

இன்னொன்று, விலை. "வீட்டில்தானே குத்துகிறீர்கள், குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்காதவர் அபூர்வம். ஊசியும் மையும் கையும் சென்னையில் இருந்தவைதான். வீடு என்றதும் வேலையின் மதிப்பு எப்படிக் குறைகிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் இந்த அறைக்கு மட்டுமே வருகிறவர்களும் உண்டு. போன மாதம் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். கல்யாணமான புதிதில் முன்கையில் குத்திக்கொண்ட கணவர் பெயர் மங்கி, பச்சைத் திட்டாகிவிட்டது. அவர் இறந்து ஓராண்டு ஆகிறதாம். "எழுத்து தெரிய வேண்டும், அவ்வளவுதான்" என்றார். அந்த அம்மா கடைத்தெரு மாடிப்படி ஏறியிருக்க மாட்டார். வேலை முடிந்ததும் என் அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அப்பா பக்கத்தில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போனார்.

தொழிலில் இருப்பவர்களும் குத்திக்கொண்டவர்களும் சொல்லுங்கள். போவதா, இருப்பதா?


பாமணி (நவம்பர் 3, இரவு 10.25)

அக்கா, நான் மன்னார்குடி. நான்கு ஆண்டுகள் கடை வைத்திருந்து வீட்டுக்குத் திரும்பியவன், அதனால் துணிந்து சொல்கிறேன். நம் பக்கத்தில் இந்தத் தொழிலின் வரவு நெல்லோடு ஓடுகிறது. சம்பா அறுத்துக் கையில் பணம் வரும் தை, மாசி, அதைத் தொட்டு வரும் கல்யாண மாதங்கள், அப்புறம் ஊர்த் திருவிழா. இவைதான் நல்ல நாட்கள். நடவு நேரத்தில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடகைக்கு அந்த நல்ல நாள் கெட்ட நாள் கணக்குத் தெரியாது. ஐந்தாம் தேதி வந்து நின்றுவிடும்.

வாடகை கட்டுவதற்காகச் செய்யக்கூடாத வேலைகளையும் ஒப்புக்கொண்டேன். கழுத்தில் காதலியின் பெயர் கேட்ட பையனை, வீட்டில் இருந்திருந்தால் "ஒரு மாதம் கழித்து வா தம்பி" என்று அனுப்பியிருப்பேன். கடையில் அனுப்பவில்லை. அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

வீட்டில் இருந்தால் மின் இணைப்பைச் சரிசெய்துவிடுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது பிரச்சினையாகலாம். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, தேவையானால் அந்த அறைக்குத் தனி மீட்டர் வாங்குங்கள். மாநகராட்சியில் தொழில் உரிமம் பற்றிக் கேளுங்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.


மேலவீதி (நவம்பர் 4, காலை 7.10)

நான் தஞ்சாவூரில் கடை நடத்துபவன். எல்லாரும் ஆறுதல் சொல்வீர்கள், எனக்குச் சரியென்று படுவதை நான் சொல்கிறேன்.

கடை தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு. யாரும் எட்டிப் பார்க்கலாம், சுகாதார ஆய்வாளர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வீட்டின் உள்ளறையில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நம் நாட்டில் பச்சை குத்துவதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. இணையத்தில் ஒரு கருவியை வாங்கி, காணொளி பார்த்துப் பழகி, தம்பி கையிலும் நண்பன் கையிலும் குத்திப் பார்த்துவிட்டு "ஹோம் ஸ்டுடியோ" என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கெடுத்த தோலைச் சரிசெய்யத்தான் மாதத்தில் பாதி நாள் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆழம் தெரியாமல் குத்தி, மை பரவி, எழுத்தைச் சுற்றி நீலம் படர்ந்த கைகள். மை நிற்க வேண்டிய இடம் தோலின் இரண்டாம் அடுக்கு. மேலிருந்து ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் மை கசிந்து ஓடும், மேலே நின்றால் பொருக்கோடு உதிர்ந்துவிடும். இது கைக்கு வர ஆண்டுகள் ஆகும்.

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு பச்சை குத்தும் இடத்தில் நாக்கையே இரண்டாகப் பிளந்துவிட்ட செய்தி எல்லாருக்கும் நினைவிருக்கும். போலீசார் இருவரைக் கைது செய்தார்கள், மாநகராட்சி சீல் வைத்தது. அன்றிலிருந்து என் கடைக்குப் பிள்ளைகளை அனுப்பவே பெற்றோர் பயந்தார்கள். ஒருவர் செய்வது எல்லார் தலையிலும் விடிகிறது. சகோதரி ஆறு ஆண்டுகள் முறையாகக் கற்றவர் என்கிறார். அப்படியானால் வெளிச்சத்துக்கு வர வேண்டும்.


பாமணி (நவம்பர் 4, காலை 7.32)

ஐயா, திருச்சியில் நடந்தது வீட்டில் இல்லை, கடையில்.


மேலவீதி (நவம்பர் 4, காலை 7.50)

உண்மைதான் தம்பி. ஆனால் கடை என்பதால்தான் சீல் வைக்க ஒரு கதவு இருந்தது. நான் சொல்வது அந்தக் கதவைப் பற்றித்தான்.


செவிலி (நவம்பர் 4, பிற்பகல் 3.15)

திருவாரூர் பக்கம் செவிலியராக இருக்கிறேன். கடையா வீடா என்பதில் எனக்குக் கருத்து இல்லை. கிருமிக்கு முகவரி தெரியாது. வீட்டில் செய்கிறவர்கள் எதில் தவறுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி, காய்ந்து கண்ணுக்கே தெரியாத இரத்தத் துளியிலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். கையுறையோடு விளக்கை நகர்த்தினீர்கள், அதே கையோடு கைப்பேசியை எடுத்தீர்கள், பிறகு அந்தக் கைப்பேசி சமையலறைக்குப் போயிற்று என்றால் கிருமியும் போயிற்று. அரசலாறு அக்கா, வேலை நடக்கும்போது அப்பா கூப்பிட்டால் என்ன செய்கிறீர்கள்? கையுறையைக் கழற்றிக் கை கழுவிவிட்டுத்தான் போகிறீர்களா? திரும்பி வந்ததும் புதுக் கையுறையா? வீட்டு ஸ்டுடியோவின் ஆபத்து முழுவதும் அந்த நிலைப்படியில்தான் இருக்கிறது.

ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. நீங்களும், அந்த அறையைப் பெருக்கித் துடைப்பவரும் போட்டிருக்க வேண்டும். துடைப்பது உங்கள் அம்மா என்றால் அவருக்கும்.

நாற்காலி, மேசை, கை வைக்கும் பலகை எல்லாவற்றுக்கும் ஒவ்வொருவருக்கும் புது உறை போடுங்கள். ஊசி கார்ட்ரிட்ஜை, அதாவது கருவியில் மாட்டும் ஊசிக் கூட்டை, வந்தவர் கண்முன்னேயே பிரியுங்கள். உள்ளே சவ்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சவ்வு இல்லையென்றால் மையும் இரத்தமும் கருவிக்குள் பின்வாங்கும், அடுத்தவருக்கு ஊசி மட்டும் புதிது என்றாகிவிடும்.


கற்றுக்கொள்பவன் (நவம்பர் 4, மாலை 6.05)

செவிலி அக்கா, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் விலை கட்டுப்படியாகவில்லை. கருவியின் பிடியை வீட்டுக் குக்கரில் அவித்தால் போதாதா? அதிலும் அதே சூடுதானே?


செவிலி (நவம்பர் 4, இரவு 8.40)

போதாது தம்பி. சூட்டைப் பற்றி நீங்கள் சொல்வது தவறில்லை. 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி, அதுதான் கணக்கு. ஆனால் உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறியதா, அந்தச் சூடு இருபது முப்பது நிமிடம் குறையாமல் நின்றதா, உறைக்குள்ளிருக்கும் கருவி காய்ந்து வெளியே வந்ததா என்று குக்கர் சொல்லாது. ஈரமாக வெளிவந்த உறைக்குக் கிருமித் தடை கிடையாது. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அலமாரியில் வைத்த உறைகூடக் கசகசக்கும். நனைந்ததை மறுபடி ஏற்ற வேண்டும்.

ஆட்டோகிளேவ் வாங்க முடியவில்லையென்றால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிடியையும் கார்ட்ரிட்ஜையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலையும் மிச்சம், பயமும் மிச்சம். சோறு வடிக்கும் குக்கரை அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.


அரசலாறு (நவம்பர் 4, இரவு 10.10)

செவிலி அவர்களுக்கு நன்றி. அப்பா கூப்பிட்டால் அம்மாதான் போவார். ஆனால் இரண்டு முறை நானே எழுந்து போயிருக்கிறேன். ஒருமுறை கையுறையோடு கதவுப் பிடியைத் தொட்டுவிட்டேன். அன்று இரவு முழுவதும் அந்தப் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறைக்க விரும்பவில்லை, அதனால் எழுதுகிறேன். தடுப்பூசி நான் மூன்று தவணையும் போட்டிருக்கிறேன். அம்மாவுக்குப் போடவில்லை. இந்த வாரமே கூட்டிப்போகிறேன்.

மை கலக்கும் தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். சாம்பல் நிறத்துக்காகக் கருப்பு மையில் தண்ணீர் கலப்போம். நம் பக்கத்தில் சிலர் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை ஊற்றுகிறார்கள். "வடித்த நீர்தானே, சுத்தம்தானே" என்கிறார்கள். வடித்த நீர் வேறு, கிருமி நீக்கிய நீர் வேறு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்கு வாரக்கணக்கில் ஆறாத சிவந்த கொப்புளங்கள் வந்து, காரணம் தேடியபோது தயாரிப்பிலேயே நீர்க்கப்பட்டு வந்த சாம்பல் மையில் போய் நின்றது. 2012-இல் மருத்துவ இதழ்களில் வெளிவந்த செய்தி. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, தண்ணீரில் வாழும் ஒரு கிருமி. கலைஞர் சுத்தமாகத்தான் வேலை செய்திருக்கிறார். மருந்துக்கடையில் ஊசி மருந்து கலக்கும் கிருமி நீக்கிய நீர் சிறு குப்பியில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒருவருக்கு ஒரு குப்பி உடைத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். போர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ மைக்கிண்ணத்தின் பக்கமே வரக்கூடாது.


கீழ்வேளூரான் (நவம்பர் 5, காலை 11.20)

என் தம்பி துணை ராணுவத் தேர்வில் ஓட்டத்தில் தேறி, மருத்துவப் பரிசோதனையில் வெளியே வந்தான். வலது முன்கையில் பெரிய வேல். குத்தியவர் கேட்கவே இல்லை, இவனும் சொல்லவில்லை. வேலைக்காக மூன்று ஆண்டுகள் விடியற்காலையில் வயல் வரப்பில் ஓடியவன். வீடோ கடையோ, குத்துவதற்கு முன் "என்ன வேலைக்குப் போகப் போகிறாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.


பாமணி (நவம்பர் 5, நண்பகல் 12.15)

மிகவும் வருத்தமாக இருக்கிறது அண்ணா. எல்லாரும் தெரிந்துகொள்ள எழுதுகிறேன். துணை ராணுவப் படைகளில் இடது முன்கையின் உட்புறமும் புறங்கையும்தான் அனுமதி. வலது கை சல்யூட் வைக்கும் கை என்பதால் ஆகாது. அளவும் அந்த உறுப்பில் நான்கில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். தரைப்படையில் முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரை, பிறகு புறங்கை. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன் வந்தால் இதைத் தாளில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் ஸ்டென்சில் (தோலில் படத்தைப் பதிக்கும் தாள்) ஒட்டுகிறேன். பாதிப்பேர் யோசித்துவிட்டு வருகிறேன் என்று போய்விடுவார்கள். போகட்டும்.

தம்பியின் வேல் கருப்பு மை மட்டும்தானே? லேசரில் கருப்புதான் எளிதில் கலையும், பச்சையும் மஞ்சளும்தான் பிடிவாதம் பிடிக்கும். பல அமர்வுகள் ஆகும், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆறு முதல் எட்டு வாரம் விட வேண்டும். தோல் மருத்துவரிடம் மட்டும் போகச் சொல்லுங்கள். அமிலம் தடவிக் கலைக்கிறேன் என்பவரிடம் விட்டுவிடாதீர்கள். தழும்பும் பரிசோதனையில் நிற்கும்.


மட்டுறுத்துநர் (நவம்பர் 5, பிற்பகல் 1.00)

தொலைபேசி எண், விலைப்பட்டியல் இட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். இழை விளம்பரத்துக்கானது இல்லை.


அப்பாயி பேத்தி (நவம்பர் 5, இரவு 9.05)

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். இந்த இழையை அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். "வீட்டில் குத்தாமல் பின்னே எங்கே குத்துவார்கள்?" என்று கேட்டார்.

அவர் இரண்டு முன்கையிலும் புள்ளிக்கோலம், புறங்கையில் தேள், நெற்றியில் ஒரு பொட்டு. பச்சை குத்தும் குறத்தி அறுவடை முடிந்ததும் தெருவுக்கு வருவாராம். திண்ணையில் உட்கார்ந்து, வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவாராம். மையும் அவரே செய்ததுதான். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படிந்த கரியை வழித்து வைத்திருப்பாராம். கூலி, ஒரு மரக்கால் நெல்லும் வெற்றிலை பாக்கும். "நகை நட்டு எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், கட்டையில் கூட வருவது இது ஒன்றுதான்" என்பார் அப்பாயி. சொல்லும்போது கையைத் தடவிக்கொள்வார்.

மேலவீதி ஐயா, நம் வட்டாரத்தில் இந்தக் கலை திண்ணையில் வளர்ந்தது. கடைதான் புதிது. அதை மட்டும் சொல்ல வந்தேன்.


செவிலி (நவம்பர் 5, இரவு 9.45)

அப்பாயிக்கு என் வணக்கம். அந்தக் கோலத்தின் படம் இருந்தால் அவர் சம்மதத்தோடு போடுங்கள். ஆனால் அந்த ஊசி அதே திண்ணையில் எத்தனை கைகளுக்குப் போயிருக்கும் என்றும் நான் நினைக்கிறேன். அன்று யாருக்கும் தெரியாது. இன்று தெரியும்.


ஓலையளவு (நவம்பர் 6, காலை 6.30)

சுவாமிமலை. சிலை வார்க்கும் குடும்பம். நான் தோலில் வரைவதில்லை, ஆனால் வரைகிறவர்கள் நடராசர் படத்துக்கு அளவு கேட்டு எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு அளவுகோல் தென்னை ஓலை. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அதிலேயே பிரித்துக்கொள்வோம். நடராசருக்கு உத்தம தச தாளம் என்ற அளவுமுறை. மொத்த உயரம் 124 அங்குலம், அதாவது அந்தச் சிலைக்கே உரிய 124 கூறு. சிலை சிறிதானால் கூறும் சிறிதாகும், விகிதம் மாறாது. கைப்பேசியில் கிடைத்த படத்தை அப்படியே ஸ்டென்சில் எடுத்து ஒட்டும்போது கெடுவது அந்த விகிதம்தான். முகத்தைப் பெரிதாக்குகிறார்கள். தூக்கிய திருவடி குட்டையாகிவிடுகிறது. அந்தத் திருவடிதானே அங்கே எல்லாம்!

இன்னொன்று, நடராசரைச் சுற்றியுள்ள சுடர் வளையமான திருவாசி வட்டம். முன்கை உருண்டையானது, மணிக்கட்டைத் திருப்பினால் தோலும் திரும்பும். கையை நீட்டிப் பலகையில் வைத்துச் சரியான வட்டம் வரைந்தால், அவர் எழுந்து கையைத் தொங்கவிட்டதும் அது முட்டையாகிவிடும். இதைச் சொன்னவர் ஒரு பச்சை குத்தும் பெண்மணிதான். நின்று, கையை இயல்பாகத் தொங்கவிட்ட நிலையில்தான் ஸ்டென்சில் ஒட்ட வேண்டும் என்றார். உலோகத்தில் எங்களுக்கு இல்லாத கஷ்டம். எனக்குக் கேட்கக் கேட்க மரியாதை கூடியது.

அவர் சொன்ன மற்றொன்றும் நினைவிருக்கிறது. மை ஆண்டுக்கு ஆண்டு தோலுக்குள் சற்றே அகலும். மூன்று விரல் அகல வட்டத்தில் இருபது சுடர்களை நெருக்கி வைத்தால் பத்தாண்டில் வட்டம் கருப்பு வளையமாகும். சுடர்களைக் குறைத்து, நடுவில் வெறுந்தோலை விட வேண்டும்.

இடுப்புக்குக் கீழே சாமி உருவம் வேண்டாம் என்று அவர் சொல்லிவிடுவார். நாங்களும் அதையே சொல்வோம்.


அரசலாறு (நவம்பர் 6, காலை 8.15)

ஐயா, அந்தப் பெண்மணி நான்தான் என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் அப்பா எனக்கு ஓலையை மடித்துக் காட்டினார். அந்த ஓலை காய்ந்து என் அலமாரிக் கண்ணாடிக்குள் இருக்கிறது.

நாட்களைப் பற்றிப் பாமணி சொன்னதோடு சேர்த்து ஒன்று. குத்திய புண் மேலாக ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை சேறு, குளம், ஆறு, நேர் வெயில் எதுவும் ஆகாது. நடவுக்குப் போகிற பெண்கள் மகள் பெயர் எழுதிக்கொள்ள வருவார்கள். நாற்றங்காலில் முழங்கை வரை சேற்றில் நிற்கும் கை அது, யூரியாவும் பூச்சிமருந்தும் கலந்த தண்ணீர். மேட்டூர் ஜூன் 12 திறக்கிறது என்றால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து நடவு தொடங்கும் நாளைக் கணக்கிட்டு, அதற்கு மூன்று வாரம் முன்பு வரமுடியுமா என்று கேட்பேன். முடியாது என்றால் அறுவடை கழித்துத்தான். பதினெட்டாம் பெருக்குக்கு முந்தின வாரம் யாருக்கும் குத்துவதில்லை. ஆற்றில் இறங்காதே என்று அன்றைக்கு யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. காது குத்திய இடத்தில் தழும்பு உருண்டு வளர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். அப்படியிருந்தால் கையிலும் வளரக்கூடும், வேண்டாம் என்று அனுப்பிவிடுவேன். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரச் சொல்வேன்.


வெட்டாறு (நவம்பர் 6, இரவு 11.50)

இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன். என் அம்மா தூய்மைப் பணியாளர். எந்த ஊர் என்று சொல்லவில்லை.

சென்ற ஆண்டு குப்பை தரம்பிரிக்கும்போது கறுப்புப் பையிலிருந்து ஊசி குத்தியது. துணிக் கையுறையைத் தாண்டி உள்ளங்கையில் இறங்கிவிட்டது. பையில் கறுப்பு மை படிந்த தாள்கள், சிறு மைக்கிண்ணங்கள், ஒட்டுப் படத் தாள். ஆஸ்பத்திரிக் குப்பை இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அன்றைக்கே எச்ஐவி தடுப்பு மாத்திரை தொடங்கினார்கள், ஒரு மாதம். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. பிறகு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று இரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் முடிவு வரும் வரை அம்மா தனித் தட்டில் சாப்பிட்டார். தேவையில்லை என்று மருத்துவர் சொல்லியும் கேட்கவில்லை. என் பெண் குழந்தையைத் தூக்கவில்லை. ஆறு மாதம் கழித்து எல்லாம் சரி என்று தாள் வந்ததும் முதலில் குழந்தையைத்தான் கேட்டார்.

அந்தப் பை கடையிலிருந்து வந்ததா, வீட்டிலிருந்தா என்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் எங்கே உட்கார்ந்து குத்துகிறீர்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. ஊசி எங்கே போகிறது?


மேலவீதி (நவம்பர் 7, காலை 6.20)

தம்பி, உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் கடையில் ஊசிகள் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்கின்றன. ஆனால் டப்பா நிறைந்ததும் வேலைக்கு இருக்கும் பையன் அதை எங்கே கொண்டுபோகிறான் என்று நான் கேட்டதில்லை. கண்ணாடிக் கதவைப் பற்றி நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்வாசலைப் பார்க்கவில்லை. இன்று பார்க்கிறேன்.


செவிலி (நவம்பர் 7, பிற்பகல் 2.30)

வெட்டாறு, அம்மா நலமாக இருப்பது பெரிய நிம்மதி.

மற்றவர்களுக்கு: 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசிக்கு வெள்ளை நிற, உள்ளே தெரியும், குத்தினாலும் துளைபடாத, மூடிய பெட்டி. முக்கால் பங்கு நிரம்பியதும் பூட்டிவிட வேண்டும். ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது, அப்போதுதான் பலரும் தங்கள் விரலில் குத்திக்கொள்கிறார்கள். பெட்டி பொதுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டியில் ஏற வேண்டும். சிறு கிளினிக்குகளும் ஆய்வகங்களும் மாதக் கட்டணம் கட்டி அந்த வண்டியில் சேர்ந்திருக்கின்றன. அந்த வண்டி உங்கள் தெருவுக்கு எந்த நாள் வருகிறது என்று பக்கத்துக் கிளினிக்கில் கேளுங்கள். நிலையத்தோடு உங்கள் பெயரிலேயே ஒப்பந்தம் போடப் பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் என்ன எழுதித் தர வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். இரத்தம் பட்ட தாளும் கையுறையும் மஞ்சள், சிவப்புப் பைகளில் அதே வண்டிக்குத்தான்.


அரசலாறு (நவம்பர் 9, இரவு 8.20)

இரண்டு நாள் எழுதவில்லை. வெட்டாறு தம்பியின் பதிவைப் படித்துவிட்டு அறையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் வெள்ளைப் பெட்டி உண்டு. மூன்று ஆண்டுகளாக, நிரம்பியதும் எங்கள் தெருக்கோடி டாக்டர் கிளினிக்கில் கொடுத்துவிடுவேன். அவர் மறுத்ததில்லை. ஆனால் அது அவருடைய நல்ல மனத்தை நம்பிய ஏற்பாடு. அவர் ஊரில் இல்லாத ஒரு மாதம் மூன்று பெட்டிகள் என் அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. நேற்று கழிவு நிலையத்துக்கு என் பெயரில் விண்ணப்பம் எழுதிவிட்டேன். வண்டி செவ்வாயும் வெள்ளியும் வருகிறதாம். தாளுக்கும் கையுறைக்கும் பைகள் வாங்கியாயிற்று. அம்மாவுக்கு முதல் தவணை ஊசி நேற்றே போட்டாயிற்று.

கடைத்தெரு மாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பணத்துக்கு வைத்திருந்ததில் நெல் அறையின் வடக்குச் சுவரை உடைத்துச் சந்துப் பக்கம் கதவு வைக்கப் போகிறேன். கூடத்தைப் பார்க்கும் கதவு நிரந்தரமாக மூடிவிடும். இனி அப்பா கூப்பிட்டால் நான் வெளியே போய், வாசலைச் சுற்றி, கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர முடியும். செவிலி அவர்கள் சொன்ன நிலைப்படி இனி இல்லை. மேலவீதி ஐயா கேட்ட கதவு வந்துவிடும், ஆய்வாளர் தட்டலாம். பலகையும் வைக்கிறேன். பெயர், நேரம், பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்ற வரி, குத்திக்கொண்டால் ஓராண்டு இரத்ததானம் செய்யக் கூடாது என்ற வரி. விலையைக் குறைக்கப் போவதில்லை.

அப்பாவிடம் சொன்னேன். பேச்சு வராது அவருக்கு. நல்ல கையைத் தூக்கி, அந்தச் சுவரில் நெல் மூட்டை எத்தனை வரி அடுக்கினோம் என்று விரலால் எண்ணிக் காட்டினார். ஏழு. பிறகு போ என்பதுபோல் கையை அசைத்தார்.

மழை விட்டதும் கொத்தனார் வருகிறார்.


வெட்டாறு (நவம்பர் 9, இரவு 10.35)

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன் அக்கா. கதவு வைத்ததும் ஒரு நாள் வந்து அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்கிறார். எப்படி மூடுவார்கள் என்று தெரிந்தால் தன்கூட வேலை செய்பவர்களிடம் சொல்லலாமாம்.


அரசலாறு (நவம்பர் 9, இரவு 10.50)

அவசியம் வரச் சொல்லுங்கள் தம்பி. புதன்கிழமை வேலை வைத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு வந்தால் எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறேன். குழந்தையையும் கூட்டி வாருங்கள், கூடத்தில் அப்பா இருப்பார்.